வைக்கோலுக்காக விதைத்த நெல்

விதைப்பு மழை வந்துவிட்டது. நெல் விதைக்க நாட்டில் யாருக்கும் உத்தரவு இல்லை. காரியத்தைக் கெடுத்தது மந்திரி நாரணகூத்தனின் மூளை.

கடாரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், இந்தரலேலா என்றொரு ராஜா வெகுகாலம் முன்பு ஆண்டார். சீனக் கப்பலும் நாகப்பட்டினத்துக் கப்பலும் காற்று மாறும்வரை அவர் துறைமுகத்தில்தான் கிடக்கும். எல்லாக் கப்பல்காரரும் கேட்டது மிளகு. நாகப்பட்டினத்திலிருந்து வந்து மந்திரியான நாரணகூத்தனுக்கு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதித்தால் ஊருக்குத்தான் ஆபத்து.

"மகாராஜா, எல்லா வயலிலும் மிளகு வைப்போம். அரிசியைக் கப்பலில் வாங்கிக்கொள்வோம்."

ராஜா வியாபாரிகள் முன்னால் வாளைத் தொட்டுச் சத்தியமே செய்துவிட்டார்: "இனி என் நாட்டில் மிளகுதான். இந்தச் சொல் திரும்பாது!"

மிளகுக்கொடி காய்க்க மூன்று வருஷம் ஆகும். மந்திரிக்கு அது தெரியாது. அவர் மிளகைப் பார்த்ததெல்லாம் ரசத்தில்.

அந்த வருஷம் பார்த்து ஜாவாவிலும் விளைச்சல் இல்லை. அரிசிக் கப்பல் வரவில்லை. களஞ்சியத்தில் ஆறு மாத அரிசி. பத்து நாளுக்குள் விதைக்காவிட்டால் ஊரே பட்டினி.

"சத்தியத்தை விட்டுவிடுங்கள், மகாராஜா" என்று மந்திரி கெஞ்சினார்.

"கப்பல்காரன் சிரிப்பான். முடியாது."

"மந்திரியார் பெரிய புத்திசாலி. இன்னொரு யோசனை சொல்லட்டுமே" என்று இளித்தார் பிரபு துன் சாரி. "இல்லாவிட்டால் அந்த மந்திரித் தலைப்பாகையை என்னிடம் தரட்டும்."

மந்திரி தலையைச் சொறிந்தார். பொடுகு வந்தது, யோசனை வரவில்லை.

அப்போது அரண்மனையில் நெல் குத்தும் மெலாத்தி உலக்கையும் கையுமாகச் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, வயலில் வைத்த கொடியெல்லாம் தண்ணீரில் அழுகிப் போச்சு. மேட்டில் வைத்ததுதான் மிச்சம். கோடையில் அதுவாவது பிழைக்கணும் என்றால் வேருக்கு வைக்கோல் போர்த்தணும்."

"போர்த்துங்கள். யார் வேண்டாம் என்றது?"

"வைக்கோல் இல்லையே."

"எப்படிக் கிடைக்கும்?"

"விதைத்தால் கிடைக்கும். ஒரு மேட்டு மிளகுக்கு ஒன்பது வயல் வைக்கோல் வேண்டும்."

துன் சாரி குதித்தார். "மகாராஜா, இவள் நெல் விதைக்கப் பார்க்கிறாள்!"

"வைக்கோல் நுனியில் ஏதோ காய்க்கும், பிரபு. அந்தக் குப்பையை நாங்களே தின்று தீர்த்துவிடுகிறோம். உங்களுக்கு மட்டும் போடமாட்டோம், போதுமா?"

சபை சிரித்தது. ராஜாவும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"மிளகுக்காகத்தான் வைக்கோல்! என் சொல் திரும்பவே இல்லை, பார்த்தீர்களா? தலைப்பாகை மெலாத்திக்கு. மந்திரியும் துன் சாரியும் நாற்று நடப் போகட்டும்."

சேற்றில் இறங்கிய முதல் நாளே மெலாத்தி வரப்பிலிருந்து கத்தினாள். "ஐயா, மந்திரி ஐயா! வேர் கீழே போகணும்!"

அறுப்பு முடிந்தது. காற்று மாறி, கப்பல்கள் வந்தன. "இந்த நாட்டைப் பட்டினியிலிருந்து காப்பாற்றிய புத்திசாலி யார்?" என்று ஒரு கப்பல்காரர் நாரணகூத்தனைக் கேட்டார்.

அவர் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தார். நாற்று நட்டு வளைந்த இடுப்பு விடவில்லை.

"மெலாத்தி" என்றார்.