நாற்பத்தொன்றாம் எண்ணின் வணக்கம்

முகம் தெரியாதவர்களோடு ஜனங்கள் எதற்காகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரே கேள்வி. அதைக் கட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் மாரடித்தாள் செல்லக்கனி. அவளுடைய வழிகாட்டி அறவாழி. அதிகம் பேசமாட்டார். நன்றாகக் கேட்பார்.

அந்த வாட்ஸ்அப் குழுவைக் கைகாட்டியவரும் அவர்தான். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற அறுபது பேர். சம்மதம் வாங்கி, குழு நடத்துகிறவர் பெயரை மறைத்து ஆளுக்கொரு எண் போட்டுக் கொடுக்க, எழுதியதையெல்லாம் படித்தாள்.

ஒரு மத்தியானம் காகிதக் கட்டோடு வந்து நின்றாள்.

"முடிச்சிட்டேன் சார். சந்தேகம் கேட்க வர்றாங்க, ஆறுதல் தேடி வர்றாங்க, தெரிஞ்சதைச் சொல்ல வர்றாங்க. அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் படிச்சியாம்மா?"

"குப்பையைத் தள்ளிட்டுப் படிச்சேன் சார்."

"எது குப்பை?"

"காலை வணக்கம்தான். தினம் அறுபது சூரியன் உதிக்குது சார் அங்கே! நல்ல கேள்வியெல்லாம் அதுல முங்கிப்போகுது. நாளையிலிருந்து வணக்கம் போடக்கூடாதுன்னு குழு நடத்துறவருக்கு எழுதினேன். சரின்னுட்டார்."

அறவாழி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாற்பத்தொண்ணுன்னு ஒரு ஆளு," என்று அவளே சிரித்தாள். "மூணு வருஷமா வணக்கத்தைத் தவிர ஒரு சொல் கிடையாது. நடுவுல பதினோரு நாள் காணோம். திரும்பி வந்தும் அதே வணக்கம். இப்படி ஒருத்தர் எதுக்கு சார் இருக்கணும்?"

"அந்தப் பதினோரு நாளைப் படி. குப்பையிலிருந்து எடுத்து."

தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

முதல் நாள், யாரோ: "அக்கா இன்னிக்கு வரலையே."

ஐந்தாம் நாள், பதினேழாம் எண்: "நானும் அக்காவும் ஒரே வாரத்துல டயாலிசிஸ் ஆரம்பிச்சோம். பயமா இருக்கு."

பதினோராம் நாள், பதினேழு: "நாளைக்கு நான் போகலை. போய் என்ன ஆகப்போகுது."

பன்னிரண்டாம் நாள் காலை, நாற்பத்தொன்று: "வணக்கம்."

அதன் கீழே பதினேழு: "இருக்கீங்களா அக்கா! கிளம்பிட்டேன். பஸ்ஸுல இருக்கேன்."

செல்லக்கனியின் குரல் இறங்கிவிட்டது.

"அந்த அக்கா எங்கே சார் இருக்காங்க? நேர்ல போய்ப் பார்க்கணும்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்து அவள்முன் வைத்தார். மூலையில் விரிசல். திரையில் ராஜம் அம்மா, அவருடைய மனைவி, சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அம்மாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனவள் செல்லக்கனிதான். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது இவளுக்குத் தெரியும். என்னத்துக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

குழு திறந்தே இருந்தது. இன்றைய தேதியில், ஐந்து நாற்பதுக்கு, ஒரு வணக்கம்.

"அம்மா போயிட்டாங்கன்னு நீங்க சொல்லலையா சார்?"

"சொல்லத்தான் போனை எடுத்தேன். பதினேழு எழுதினது கண்ணுல பட்டுது."

அவள் கட்டைப் பிரித்தாள், மறுபடி கட்டினாள்.

"நாற்பத்தொண்ணை எந்தக் காரணத்துல சேர்க்கட்டும் சார்?"

"அது கிடக்கட்டும். முதல்ல குழு நடத்துறவருக்குப் போன் போடு. காலையில பதினேழு பஸ் ஏறணும்."