முப்பத்தொரு சீட்டு

"இவ்வளவு கொடுத்தா உடம்பு தாங்குமாடி?"

"முப்பத்தொரு கட்டுரை சொல்லுதாம். நாம என்னத்தைக் கண்டோம்?"

கேன்டீன் வரிசையில் முன்னால் நின்ற இரண்டு நர்ஸுகள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பின்னால் நின்ற தணிகாசலம் வரிசையை விட்டு விலகினார். சாப்பாட்டு டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டு மருத்துவமனை நூலகத்துக்குத் திரும்பினார்.

அந்த முப்பத்தொன்றையும் திரட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்பு நூலகத்துக்கு மாற்றலாகி வந்தவர். வேலை கற்றுக்கொடுப்பவர் நூலகர் ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு. "குரு வந்தாச்சு, சிஷ்யனை எங்கே காணோம்?" என்று வாட்ச்மேன் தினமும் கேலி செய்வார். தணிகாசலத்துக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வாரம் ஜெசிந்தா விடுப்பில் இருந்தபோது, விஷ சிகிச்சை வார்டிலிருந்து டாக்டர் மாதங்கி ஒரு கேள்வி அனுப்பினார். ஒரு முறிவு மருந்தை வேளைக்கு எவ்வளவு கொடுக்கலாம்? தணிகாசலம் அதை ஏஐயிடம் கேட்டார். பதினோரு நிமிடத்தில் இருபத்தாறு பக்க அறிக்கை வந்தது. வேளைக்கு நாற்பது மில்லி; ஆதாரம் முப்பத்தொன்று. அப்படியே அனுப்பிவிட்டார். டாக்டர் கையெழுத்துப் போட்டு, இன்று காலை அது அட்டையாகி வார்டுச் சுவரில் ஏறிவிட்டது.

கேன்டீனில் கேட்டதை ஜெசிந்தாவிடம் சொன்னார். அவர் உடனே வார்டுக்கு போன் செய்தார்.

"இன்னும் யாருக்கும் கொடுக்கல மேடம்," என்றார் சிஸ்டர். "ஆனா டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டையைக் காரணம் இல்லாம எப்படி எடுக்கறது?"

ஜெசிந்தா போனை வைத்தார். "அந்த முப்பத்தொன்னையும் படிச்சீங்களா அண்ணே?"

"அது படிச்சிருக்கு மேடம்."

"நீங்க?"

"தலைப்பெல்லாம் பார்த்தேன். முப்பத்தொரு பேர் ஒரே மாதிரி தப்பாவா சொல்லிடுவாங்க?"

ஜெசிந்தா எழுந்தார். அலமாரியிலிருந்து பழைய கேட்டலாக் அட்டைகளை எடுத்து, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரையின் பெயரை எழுதினார். முப்பத்தொரு சீட்டும் மேஜை முழுக்கப் பரவிக் கிடந்தன.

"ஒவ்வொன்னையும் திறங்க. இந்த நாற்பதை யாரைக் கேட்டுச் சொல்லுதுன்னு அடிக்குறிப்புல பாருங்க. யாரைக் கேட்டுதோ, அந்தச் சீட்டு மேல இதை வைங்க."

முதல் கட்டுரை ஏழாவதைக் கேட்டிருந்தது. வைத்தார். நான்காவதும் ஏழாவதைத்தான் கேட்டிருந்தது. ஒன்பதும் பத்தும் பதினெட்டைக் கேட்டிருந்தன. மேஜையில் இடம் கூடிக்கொண்டே வந்தது. வெளியே ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது. தணிகாசலத்தின் கை நின்றது.

"அது பிரசவ கேஸாக்கூட இருக்கலாம்," என்றார் ஜெசிந்தா. அடுத்த சீட்டை எடுத்து நீட்டினார். "நீங்க பாருங்க."

ஒரு மணி நேரத்தில் நான்கு குவியல்தான் மிச்சம். பிறகு இரண்டு. ஏழாவது பதினெட்டைக் கேட்டிருந்தது. பதினெட்டு கடைசிச் சீட்டைக் கேட்டிருந்தது.

எல்லாம் ஒரே குவியலாக நின்றன. அடியில் கிடந்த சீட்டை ஜெசிந்தா உருவி, அந்தக் கட்டுரை எதில் வந்தது என்று தேடிப் பார்த்தார்.

"இது நம்ம ஆஸ்பத்திரி செய்திமடல். இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி."

தணிகாசலம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பைண்டு செய்த தொகுப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போய் எடுத்து வந்தார். பக்கம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை; அந்த இதழை டைப் அடித்தவர் அவர்தான்.

மருந்து அட்டவணை. அதை ஒட்டினாற்போல, பொங்கல் விழாவில் கண்காணிப்பாளர் பரிசு வாங்கும் படம்.

"படம் பக்கத்துல அடங்கல மேடம்." அவர் படத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். "பெரிசாப் போடணும்னு சொல்லிட்டாங்க. அட்டவணைக்குக் கீழே ஒரு வரி இருந்துச்சு. சின்ன எழுத்து. அதைத்தானே யாரும் படிக்க மாட்டாங்கன்னு வெட்டிட்டேன்."

"என்ன வரி?"

"இது ஒரு நாள் முழுக்கக் கொடுக்கற அளவு, நாலு வேளையாப் பிரிச்சுக் கொடுக்கணும்னு."

இன்னொரு ஆம்புலன்ஸ் கேட்டது. இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். சத்தம் மகப்பேறு கட்டடத்தைத் தாண்டி, விஷ சிகிச்சை வார்டுப் பக்கம் திரும்பியது. ஜெசிந்தா வார்டுக்கு போன் செய்தார்; யாரும் எடுக்கவில்லை.

தணிகாசலம் எழுந்தார். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார்.

"அளவு தப்பா இருக்குன்னு மட்டும் சொன்னாப் போதாதா மேடம்? ரிட்டயர் ஆக இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. வெட்டினது யாருன்னும் சொல்லணுமா?"

ஜெசிந்தா சீட்டுக் கட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அங்கே முப்பத்தொரு பேர் வேற மாதிரி சொல்லிட்டிருக்காங்க அண்ணே. நீங்க யாருன்னு சொல்லாம, உங்களை எதுக்கு நம்புவாங்க?"

தணிகாசலம் தொகுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார். வார்டில் ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக் கூட்டம். படுத்திருந்தது கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண். கால்மாட்டில் நின்ற அவள் அப்பா, அவளுடைய ஒரு செருப்பைக் கையில் பிடித்திருந்தார். சிஸ்டர் சுவரைப் பார்த்துப் பார்த்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார், வழியில நிக்காதீங்க!" என்றார் டாக்டர் மாதங்கி.

தணிகாசலம் தொகுப்பை விரித்து, கண்காணிப்பாளர் படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்கே ஒரு வரி இருந்துச்சு டாக்டர். நாற்பதுங்கறது ஒரு நாளைக்கு. அந்த வரியை வெட்டினது நான். எம் பேரு தணிகாசலம், அப்போ ஆபீஸ் டைப்பிஸ்ட்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தார்.

சிஸ்டரின் கை நின்றது.

தணிகாசலம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, அட்டையைக் கழற்றினார்.