தண்ணீர் இருக்க வேண்டிய குழி

மாசிலாமணி தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டுவார். நீட்டிய நாக்கு உள்ளே ஓடாமல் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால்தான் அன்றைக்குக் காபி இறங்கும். மனைவி லலிதா அவருக்கு வாய்ப்புண் என்று நினைத்துக்கொண்டு மணத்தக்காளிக் கீரையாகச் சமைத்துப் போட்டாள். அவரும் சாப்பிட்டார். புண் இல்லை என்று சொல்லவில்லை.

பயம். அதுதான் விஷயம்.

அவர் அப்பாவுக்கு முதலில் நாக்குதான் சொன்ன பேச்சு கேட்காமல் போனது. அப்புறம் கை. டம்ளர் நழுவியது. சட்டைப் பித்தான் போட வரவில்லை. அப்புறம் உடம்பு மொத்தமும் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. தெருவில் குடிகாரன் என்றார்கள். அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள், இது ஒரு ஜீனில் இருக்கிற கோளாறு, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று.

அப்பாவுக்கு ஆரம்பித்த வயது மாசிலாமணிக்கு வரப்போகிறது.

அதனால்தான் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு, ஜீன் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் ஆர்வம் என்றார். பொய்.

அங்கே அவருக்குக் குரு பர்வீன் மேடம். அவரைவிட வயதில் சின்னவர்.

"நீங்க என்னை மேடம்னு கூப்பிட்டு, நான் உங்களை சார்னு கூப்பிட்டு, இப்படியே பொழுது போயிரும்," என்றார் மேடம் முதல் நாளே. "ட்யூப்பை எடுங்க சார்."

வேலை இதுதான். அந்த ஜீனில் ஒரு இடத்தில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லாருக்கும் வரும். சிலருக்கு மட்டும் அளவு மீறி வந்துகொண்டே இருக்கும். அவர்களுக்குத்தான் நோய். ரத்தத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் பிசிஆர் மெஷினில் லட்சக்கணக்கில் நகல் எடுத்து, ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் உள்ள சின்னச் சின்னக் குழிகளில் ஊற்றி, மின்சாரம் கொடுக்க வேண்டும். குட்டைத் துண்டு கீழே ஓடிவிடும். நீளத் துண்டு ஓட முடியாமல் மேலேயே தங்கிவிடும். யூவி விளக்கில் வைத்தால் கோடு கோடாகத் தெரியும். மேலே ஒரு கோடு நின்றால் அந்த ஆளுக்கு நோய் வரும்.

ஒவ்வொரு தடவையும் மேடம் ஒரு ட்யூப்பில் டிஎன்ஏ போடாமல் வெறும் தண்ணீரை விடுவார். மற்றதெல்லாம் அதிலும் உண்டு. அதற்கும் ஜெல்லில் ஒரு குழி.

"யாருமே இல்லாத ட்யூப் எதுக்கு மேடம்?"

"அது சும்மா இருக்குதான்னு பார்க்க."

"சும்மாதானே இருக்கும்?"

"என்னைக்காவது அது பேசுச்சுன்னா, அன்னைக்கு மத்த எல்லாரும் வாயை மூடிக்கணும்."

மாசிலாமணி சிரித்தார். அவர் பார்த்த வரை தண்ணீர் பேசியதே இல்லை, அதன் குழிக்குக் கீழே கோடு விழுந்ததே இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார். "மேடம், வரப்போறது தெரிஞ்சுட்டா நல்லதா? தெரியாம இருக்கிறது நல்லதா?"

"பிப்பெட்டைச் சாய்க்காம நேராப் பிடிங்க சார்," என்றார் மேடம்.

அவருக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு இதா பதில்? ஆனால் சொட்டை அளந்து விடும் அந்தக் குழாய் அவர் கையில் சாய்ந்துதான் இருந்தது.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே வேலை செய்கிறவர் தன் ரத்தத்தைத் தானே பார்க்கக் கூடாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் மற்றவர்களைப் போல வாசல் வழியாக வர வேண்டும். கூட ஒருவரை அழைத்து வர வேண்டும். டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும். வேண்டாம் என்று கடைசி நிமிஷத்தில் எழுந்து போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

மாசிலாமணிக்கு அழைத்து வர ஆள் இல்லை. அதாவது, லலிதா இருக்கிறாள். அப்பா எப்படிச் செத்தார் என்று அவளிடம் சொல்லித்தான் கல்யாணம் செய்திருக்க வேண்டும். நெஞ்சுவலி என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவரும் பேசாமல் தாலி கட்டினார்.

மேடம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த காலையில் அது நடந்தது.

அன்றைக்கு ஜெல்லை அவர்தான் ஓட்ட வேண்டும். முந்தின நாளே தன் ரத்தத்திலிருந்து டிஎன்ஏ பிரித்து, பெயர் எழுதாத ட்யூப்பில் ஒளித்து வைத்திருந்தார். ஆனால் மெஷினில் போடும்போதுதான் பார்த்தார், ஜெல்லில் இடம் இல்லை. எல்லாக் குழிக்கும் ஆள் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நோய் உறுதியான ஒருவருடைய டிஎன்ஏ. நோய் இல்லாத ஒருவருடையது. முடிவுக்காகக் காத்திருக்கிறவர்கள். கடைசியாகத் தண்ணீர்.

யாரை எடுப்பது?

தண்ணீரை எடுத்தார். அதுதான் எப்போதும் சும்மா இருக்கிறதே.

நோய் உறுதியானவருடைய ட்யூப்பைத் திறந்தபோது கை நடுங்கியது. அப்பாவின் கை ஆடியது கண்ணுக்கு வந்தது. முழங்கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டு வேலையை முடித்தார். ட்யூப்புக்கு ட்யூப் மாற்ற வேண்டிய பிப்பெட் முனை, அதே முனையால் இன்னொரு ட்யூப்பைத் தொட்டோமா? மாற்றினோமா? மாற்றியிருப்போம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தெளித்ததா, சிந்தியதா, எதையும் கவனிக்கவில்லை. அவர் கண் முழுக்கத் தன் ட்யூப்பின் மேலேயே இருந்தது.

மெஷின் ஓடி முடிந்து, ஜெல்லும் ஓடி முடிந்து, யூவி விளக்கைப் போட்டார்.

கடைசிக் குழிக்குக் கீழே, நோய் உறுதியானவருடைய கோடு நின்ற அதே உயரத்தில், ஒரு கோடு.

கண்ணை மூடித் திறந்தார். கோடு போகவில்லை. லலிதா ஊட்டிவிடுவது தெரிந்தது. அவர் வாயிலிருந்து வழிவது தெரிந்தது. தெருவில் யாரோ குடிகாரன் என்று சொல்வதும் கேட்டது. நாக்கை நீட்டிப் பார்த்தார். இங்கே கண்ணாடி இல்லை, நிற்கிறதா இல்லையா என்று அவருக்கே புரியவில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. நடுவில், மோனிஷா என்ற பெண்ணின் குழிக்குக் கீழேயும் அதே உயரத்தில் ஒரு கோடு. கொஞ்சம் மங்கல்.

மோனிஷா தன் அம்மாவின் தங்கையான சித்தியோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு முடிவு சொல்வதாக வரச் சொல்லியிருந்தார்கள்.

கதவு திறந்தது. மேடம். கையில் இருந்த பையைக்கூட வைக்காமல் ஜெல்லைக் குனிந்து பார்த்தார். எல்லாரும் முதலில் நோயாளியின் கோட்டைத்தான் பார்ப்பார்கள். மேடம் கடைசிக் குழியைப் பார்த்தார்.

"தண்ணி பேசியிருக்கு," என்றார்.

மாசிலாமணி ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"சார். இது தண்ணிதானே?"

"இல்ல மேடம்."

"அப்போ தண்ணி எங்கே?"

"போடல."

"அந்த இடத்துல யார்?"

"நான்."

மேடம் பையை மேஜையில் வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தார் மாசிலாமணி. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"உங்க அப்பாவா, அம்மாவா?"

"அப்பா."

"சேர்ந்த அன்னைக்கே நினைச்சேன். ஆர்வத்துல வர்றவங்களுக்கு இவ்வளவு வேர்க்காது சார்." கையுறையை மாட்டிக்கொண்டார். "நோய் இருக்கிறவரோட ட்யூப்பைத் திறந்த பிறகு முனையை மாத்துனீங்களா?"

"மாத்தியிருப்பேன்."

"மாத்துனீங்களா?"

"தெரியல மேடம்."

"அப்போ உங்க கோடு உங்களோடதா இருக்கலாம். அவரோடது உங்க ட்யூப்ல விழுந்ததா இருக்கலாம். அந்தப் பொண்ணுக்கும் அப்படித்தான். எதுன்னு சொல்ல ஒரே ஒருத்தர்தான் இருந்தார், அந்தத் தண்ணி. அவரை எழுப்பிவிட்டுட்டு நீங்க உட்கார்ந்துட்டீங்க."

ஜெல்லைத் தூக்கினார். மாசிலாமணி குறுக்கே கையை நீட்டினார்.

"ஒரு போட்டோவாவது எடுத்துக்கிறேன் மேடம். என் கோடு மட்டும்."

"யாரோட கோடு?"

அவர் கை தானாக இறங்கியது. மேடம் ஜெல்லைக் கழிவுத் தொட்டியில் போட்டார். அவர் ஒளித்து வைத்திருந்த ட்யூப்பையும் கேட்டு வாங்கிப் போட்டார்.

"வெளியே போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

"நானா? என்னன்னு மேடம்?"

"நடந்ததை."

மாசிலாமணி வெளியே போனார். தூரம் ஒன்றுமில்லை, ஒரு வராந்தாதான்.

மோனிஷா எழுந்து நின்றாள். "வந்துருச்சா சார்?"

"இல்லம்மா. தப்பு நடந்துருச்சு. என் தப்பு. திரும்ப ரத்தம் எடுக்கணும்."

"திரும்பவா?" சித்தி பாதி சாப்பிட்ட சப்பாத்திப் பொட்டலத்தை மூடினாள். "ஏன் தம்பி, இது என்ன கரண்ட் பில்லா, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்குன்னு? ராத்திரியெல்லாம் இவ தூங்கல. நானும் தூங்கல."

"உங்களுக்கு இது ஒரு வேலை சார்," என்றாள் மோனிஷா. "அம்மா கட்டில்ல ஆடிக்கிட்டுக் கிடக்குது. கட்டிக்கப் போறவன் போன் பண்ணிக்கிட்டே இருக்கான். என்ன தப்பு பண்ணீங்க?"

மாசிலாமணி சொன்னார். குழியைச் சொன்னார், தண்ணீரைச் சொன்னார், அப்பாவைச் சொன்னார். எங்கேயும் மழுப்பவில்லை. மழுப்பத் தெம்பும் இல்லை.

அவள் அடித்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நாக்கு நீட்டிப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

"தினமும்."

"நான் ஒத்தக் கால்ல நிப்பேன். இவங்க கேட்டா யோகான்னு சொல்லுவேன்."

"அடிப்பாவி," என்றாள் சித்தி. "நானும் அதுக்குத்தான் ஊசியில நூல் கோர்த்துக்கிட்டு இருக்கேன். இங்க வந்து பார்க்கத்தான் தைரியம் இல்ல."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள் மோனிஷா.

"தெரியாது."

"மூடி வச்சே கட்டிக்கிட்டீங்களா? நான் அவன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். ஓடிருவான்னு பயந்துக்கிட்டேதான் சொன்னேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பண்ணது அநியாயம் சார். என்கிட்ட பண்ணதைவிட அதுதான் பெருசு." கையை நீட்டினாள். "ரத்தம் எங்கே எடுக்கணும்?"

அவர் உள்ளே திரும்பியபோது மேடம் மேஜையைத் துடைத்து, புதுப் பெட்டி பிரித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் மேடம்."

"ம்."

"என்னை வேலையை விட்டு அனுப்பிருவீங்களா?"

"மேலே எழுதித்தான் ஆகணும். எழுதுவேன். அவங்க என்ன சொல்றாங்களோ அது. அதுவரைக்கும் எந்த ட்யூப்பையும் தொடாதீங்க."

அவர் தலையாட்டினார். போகவில்லை.

"நான் லலிதாவைக் கூட்டிட்டு வர்றேன் மேடம். வாசல் வழியா. இன்னைக்கே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சரி."

"அவ அழுவா. திட்டுவா. அதையெல்லாம் தாங்கிக்கலாம்." கையை முன்னால் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "அவ இதைப் பார்த்துட்டு ஒண்ணு கேட்பா. இது அந்த நோயா, வெறும் பயமான்னு கேட்பா. அதுக்கு நான் என்ன சொல்றது?"

நர்ஸ் உள்ளே வந்து, மோனிஷாவின் ரத்தத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் சூடாக இருந்திருக்கும்.

மேடம் அதைப் பார்த்தார். கையுறையை மெதுவாகக் கழற்றி, தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

அதுவும் நடுங்கியது.

"பார்த்துச் சொல்லுங்க சார். இது எது?"

மாசிலாமணி அந்தக் கையைக் குனிந்து பார்த்தார்.

"தெரியல மேடம்."

"அதைச் சொல்லுங்க."