கரையேறிய வள்ளம்

புயல் ஓய்ந்த மறுநாள், திரும்பி வராத இரண்டு வள்ளங்களுக்காக ஊரே கடற்கரையில் நின்றது. எல்லோருக்கும் முன்னால் நின்று செபம் சொன்னவர் பிலவேந்திரன். அந்த ஊர்க் கோவிலின் உபதேசியார். சாமியார் வெளியூர் போகும் நாட்களில் செபம் நடத்துவதும் பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் சொல்லித்தருவதும் அவர் வேலை. அவர் குரலெடுத்துச் செபித்தால் கல்லும் கரையும் என்பார்கள். அவரும் அதை நம்பியிருந்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு வள்ளம் தெரிந்தது. அதில் இருந்தவன் அவருடைய தம்பி சேசடிமை. பிலவேந்திரன் அலைக்குள் ஓடினார். ஈரமணலில் விழுந்து, "என் செபத்தைக் கேட்டீரே ஆண்டவரே" என்று உரக்கச் சொன்னார்.

வியாகுலம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் தொம்மையின் வள்ளம் வரவில்லை. அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

ஞாயிறு மாலை செபமாலை சொல்ல பிலவேந்திரன் வழக்கம்போல் முன்னால் போய் நின்றார். மாலையின் முதல் மணியை உருட்டிச் சொன்னதும் ஆண்கள் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வியாகுலம் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கம் ஒரு வாய்கூட அசையவில்லை. இரண்டாவது மணிக்கு அவருக்கே நா எழும்பவில்லை. மாலையைப் பீடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதன்பிறகு வீட்டிலும் அவரால் செபிக்க முடியவில்லை. தம்பி எதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கவும் முடியவில்லை.

பங்குச் சாமியார் தனிஸ்லாஸ் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் பிலவேந்திரன் வேதம் படித்தது அவரிடம்தான். தூறலோடு தூறலாக அவரிடம் போனார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என் செபம்தான் தம்பியைக் கொண்டுவந்ததுன்னா, தொம்மையை விட்டுட்டு வந்ததும் என் செபம்தான். அது கொண்டுவரலேன்னா, இத்தனை வருசமா நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? என் செபம் மேல போச்சா, போகலையா?"

சாமியார் ஆணியில் தொங்கிய குடையை எடுத்தார்.

"வாங்க" என்றார்.

வியாகுலத்தின் வீடு தெரிந்ததும் பிலவேந்திரன் தயங்கி நின்றார்.

"இங்க வேண்டாம், சாமி."

சாமியார் குனிந்து உள்ளே போய்விட்டார். இவரும் போகவேண்டியதாயிற்று.

அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சாமியாரைக் கண்டு எழுந்தாள். பின்னால் வந்தவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வியாகுலம், உபதேசியாருக்கு செபம் வரமாட்டேங்குது. இவருக்காக நீ கொஞ்சம் செபிக்கணும்" என்றார் சாமியார்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு என்ன செபம் தெரியும் சாமி? இவரு சொல்லுவாரு. நாங்க ஆமென் சொல்லுவோம்."

"தெரிஞ்சதைச் சொல்லு."

"இவருக்காகவா?"

"இவருக்காகத்தான்."

பிலவேந்திரனுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. தரையில் முழங்காலிட்டார். அந்த வீட்டுக்கு அவர் எத்தனையோ தடவை வந்திருக்கிறார். நின்றபடி ஆசீர்வாதம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தரை எவ்வளவு குளிர்ச்சி என்று இன்றுதான் தெரிந்தது.

அவள் கையை அவர் தலைமேல் வைக்க வந்து, வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரே" என்றாள். "இவரு தம்பி வந்துட்டாரு. எங்க வீட்டு ஆளு வரல."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவரைக் கண்டா எனக்கு ஆகல. உமக்குத் தெரியும். இவருக்கு நல்லது செய்யும்னு கேக்க எனக்கு வாய் வரல. எனக்குப் பதிலா நீரே கேட்டுக்கிடும்."

அவ்வளவுதான். ஆமென்கூட அவள் சொல்லவில்லை. பிலவேந்திரன் காத்திருந்தார். கடைசியில் அவரே, "ஆமென்" என்றார். பிறகு தோள் குலுங்க அழுதார். தம்பி கரையேறிய அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

வியாகுலம் அவரைப் பார்க்கவில்லை.

"இனி போங்க, சாமி" என்றாள்.

இருவரும் கடலோரமாகத் திரும்பி நடந்தார்கள். குடை ஒன்றுதான். சாமியார் அதை விரிக்காமல் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அவ எனக்காக ஒண்ணும் கேக்கலியே, சாமி."

"ஆமா, கேக்கல."

"கோவத்தைத்தான் சொன்னா."

"ஆமா."

"அப்ப எனக்கு ஏன் அழுகை வந்தது?"

தொம்மையின் வள்ளம் வழக்கமாகக் கிடக்கும் இடம் வெறும் மணலாக இருந்தது. அதைத் தாண்டும்போது இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோவில் வாசலில் பிலவேந்திரன் நின்றுவிட்டார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. என் செபம் மேல போச்சா, போகலையா?"

"எனக்குத் தெரியாது, உபதேசியாரே."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது."

"பிறகு எதுக்கு சாமி நீங்க தினமும் முழங்கால் போடுறீங்க?"

சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்.

"தெரிஞ்சிருந்தா நின்னுக்கிட்டே கேட்டிருப்பேனே" என்றார்.