சுவரை அறுக்க வந்த செம்பாயி

மிராசுதார் கோதண்டபாணிக்கு மூன்று மாடி ஆசை வந்தது. ஊர் நிலம் முழுக்க அவருடையதுதான். ஆறு கொண்டுவந்து சேர்த்த மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டிச் செங்கல்லாகச் சுட்டு, அரண்மனை மாதிரி வீடு கட்டினார். வயலில் மிஞ்சியது சுக்கான் பாறை. பண்ணையாள் செம்பாயியைக் கூப்பிட்டார்.

"போன வருஷ விளைச்சல் குறையக் கூடாது. குறைஞ்சா குடிசையைக் காலி பண்ணு!"

நட்டதெல்லாம் கருகிப் போனது. கிரகப்பிரவேசத்தன்று செம்பாயி அரிவாளோடு வந்து, பந்திக்கு நடுவே புதுச் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி பண்றே?"

"அறுப்புக்கு வந்தேனுங்க. நெல்லு வெளையுற மண்ணு இங்கதான நிக்குது. எந்தச் சுவத்துல ஆரம்பிக்கட்டும்?"

பந்தியே சிரித்தது. மிராசுதாருக்கு முகம் சுண்டிவிட்டது.

"பெரிய மண்ணு! பின்கட்டை இடிச்சு வயல்ல கொட்டுங்கடா!"

"சூளையில வெந்த மண்ணுக்கு உயிர் இல்லீங்க. புழுங்கல் நெல்லை விதைச்சா முளைக்குமா?"

"அப்போ புது மண்ணு எப்போ சேரும்?"

"ஆறுதான் கொண்டாந்து போடணும். உங்க பேரனுக்குப் பேரன் காலமும் பத்தாது."

சிரித்தவர்கள் தங்கள் இலையில் இருந்த சோற்றைப் பார்த்தார்கள்.

குடிசையைக் காலி பண்ணச் சொல்லி மிராசுதார் பிறகு வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியும் இருக்கவில்லை. தை பிறக்கும் முன்னே, செம்பாயியோடு ஊரே பிழைப்புத் தேடிக் கிளம்பிவிட்டது. அந்த மண்ணில் மூன்று மாடி மட்டும் விளைந்து நிற்கிறது.