துண்டை யார் எறிவது

"துண்டை எறிஞ்சிடவாக்கா?"

"எறிஞ்சே, கையை ஒடச்சிடுவேன்."

இரண்டாவது ரவுண்டு முடிந்து செலின் அக்கா ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருந்தாள். இடது கண் வீங்கிப் பாதி மூடிவிட்டது. போன வருஷம் ஆபரேஷன் செய்த கண். இன்னொரு தடவை பலமாக அடி பட்டால் பார்வையே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஜெயித்தால் ஸ்டேட் டீம். அக்காவுக்கு அது போதும். கண்ணைப் பற்றி நான்தான் கவலைப்பட வேண்டியிருந்தது.

எனக்குப் பாக்ஸிங் சொல்லித்தருகிறவள் அவள். இன்றைக்கு ரிங்குக்கு வெளியே, அவள் கார்னரில் தண்ணீரும் துண்டுமாக நிற்கிறவன் நான். துண்டை உள்ளே எறிந்தால் சண்டை அங்கேயே நிற்கும், அவள் தோற்றதாக ஆகும்.

தண்ணீர் கொடுத்தேன். கொப்புளித்து வாளியில் துப்பினாள். சிவப்பு.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு டில்லி? அடி வாங்குனது நானா, நீயா?"

"எங்க இங்கிலீஷ் சார் சொல்வாருக்கா. 'த்ரோ இன் த டவல்'னா, பாதியில விட்டுட்டு ஓடுறதுன்னு. நான் ஸ்கூல்லேர்ந்து நின்னப்போ என்னைப் பத்தியும் அதான் சொன்னாரு."

"அது நம்ம ரிங்குலேர்ந்து போன வார்த்தைடா. முன்னாடி ரத்தம் தொடைக்கிற ஸ்பாஞ்சை எறிவாங்க. அப்புறம் துண்டு."

"விட்டுட்டு ஓடுறவன் எறியறதுதானே?"

அக்கா இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டினாள். கிளவுஸ்.

"இதால துண்டைப் புடி, பாப்போம்."

கிளவுஸ் கையால் துண்டைப் பிடிக்க முடியாது. எறிகிறவன் வெளியே நிற்கிறவன்தான்.

"உங்க சார் ஒரு சண்டையும் பாத்ததில்ல," என்றாள்.

மணி அடிக்கும் நேரம். பல்லுக்குப் போடும் மவுத்கார்டை நீட்டினேன். வாங்கும் முன் சொன்னாள்:

"துண்டு உன் தோள்லயே இருக்கணும். நான் விழுந்தாலும். புரியுதா?"

"ம்."

மூன்றாவது ரவுண்டு. எதிரில் இருந்த பெண்ணுக்கு அந்தக் கண் விஷயம் தெரிந்துவிட்டது. அக்காவின் இடப் பக்கமாகவே சுற்றி வந்தாள்.

அடி வருவது தெரிந்தால் யாருக்கும் கண் இமைக்கும். அக்காவுக்கும்தான். அதை மறைக்கத்தான் தினமும் பழகுவோம்.

ஒரு அடி வந்தது. அக்கா இமைக்கவில்லை.

மறைக்கவில்லை. அடி வந்ததே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்ததற்கு அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்தாள்.

என் தோளில் இருந்த துண்டு ரிங்குக்கு நடுவில் போய் விழுந்தது. ரெஃபரி குறுக்கே வந்தார்.

தோளிலேயே இருக்கணும் என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள்.