பூவராகன் மீசையும் பத்தாம் பதிப்பும்

விருத்தாசலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சலூனுக்கு மேல்மாடியில், மூன்று பேர் சேர்ந்து கணினிக்கு ஓர் இயங்குதளம் செய்துவந்தார்கள். பெயர் சுண்டைக்காய். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒன்பது பதிப்புகள் வந்தன. ஒன்றுகூடச் சொன்ன தேதியில் வரவில்லை.

பத்தாம் பதிப்புக்காகப் பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை மரகதவல்லி நாற்பது கணினிகளைத் துணி போட்டு மூடிவைத்துக் காத்திருந்தார். "ரெண்டு தடவை ஏமாந்தாச்சு சார்" என்று அவர் சொன்னதும் தலைவர் பூவராகனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"ஜனவரி பதினாலு, பொங்கலன்னிக்கு வெளியிடுறோம். தப்பினா இந்த மீசையை எடுத்துடறேன்."

கீழ் சலூன் அந்தோணி அன்றே கத்தியைத் தீட்டிவிட்டார். பூவராகனிடம் பார்க்கும்படி இருந்தது அந்த மீசை ஒன்றுதான். அது அவருக்கே தெரியும். பயந்துபோய், பல பதிப்பு கண்ட பெங்களூர்க்காரர் ஒருவரிடம் யோசனை கேட்டார். மூன்றே வரி வந்தது: அறிவித்த தேதியை மாற்றாதீர்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே நிரலில் யாரும் கைவைக்காதீர்கள். தெரிந்த பிழை ஒன்று இருந்தாலும் வெளியிடாதீர்கள்.

தெரிந்த பிழைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. பட்டியலை மூவரில் இளையவன் கொளஞ்சிநாதன் வைத்திருந்தான்.

"யாருக்குத் தெரிஞ்ச பிழைண்ணே?"

"நமக்குத்தான்."

"அப்ப நாம மறந்துட்டா?"

பூவராகன் வெகுநேரம் யோசித்தார். தப்பு எதுவும் தட்டுப்படவில்லை. பட்டியலை ஆற்றில் விடப் போனார்கள். தண்ணீர் இல்லாததால் மணலில் புதைத்தார்கள். கொளஞ்சிக்கு மட்டும் நாற்பது பிழை மனப்பாடமாக இருந்தது. மறந்துவிட்டு வா என்று உளுந்தூர்பேட்டை மாமியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நாற்பத்தொன்றோடு திரும்பினான். மாமியாரும் சுண்டைக்காய்தான் ஓட்டுகிறாராம். வெளியிடும் நாளன்று அவன் குழுவிலேயே இல்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

பொங்கலன்று காலை கணினியைத் திறந்தால், தேதி பதிமூன்று. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார்கள்; பதிமூன்று. சுண்டைக்காயின் நாள்காட்டி பதிமூன்றைத் தாண்டவில்லை. திருத்தலாமென்றால் கைவைக்கக்கூடாது. வெளியிடலாமென்றால் பிழை தெரிந்து தொலைத்துவிட்டது. படியில் அந்தோணியின் செருப்புச் சத்தம். பூவராகன் மீசையைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் மூன்றாமவள் தையல்நாயகி, "இதுல இன்னிக்கு என்ன தேதி?"

"பதிமூணு."

"அப்ப பதினாலு இன்னும் வரலையே."

அந்தோணி திரையை எட்டிப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. "நாளைக்கு வரேன்" என்று இறங்கிப் போனார்.

மறுநாளும் வந்தார். பதிமூன்று. சித்திரையிலும் பதிமூன்று. சத்தியத்தில் வைத்த மீசையை நறுக்கலாகாது என்று பூவராகன் கத்தரி படாமல் விட்டதில், ஆடிக்குள் அது மார்புக்கு இறங்கிவிட்டது. மரகதவல்லி வாராவாரம் வந்து விசாரித்தார். "நாளைக்கு மேடம்" என்று பூவராகன் சொன்னதில் பொய் இல்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம், புளிசாதம் கனத்து, பூவராகன் கணினி முன்னால் கண்ணயர்ந்தார். மீசை விசைப்பலகையில் புரண்டது. எழுந்து பார்த்தால் திரையில் பதினாலு.

"நிரல்ல யாரு கைவச்சது?" என்றான் கொளஞ்சி.

"மீசை."

"மீசைக்குக் கை இருக்கா?"

மூவரும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள். இல்லை.

உடனே கொளஞ்சியைக் கீழே அனுப்பிவிட்டுப் பத்தாம் பதிப்பை வெளியிட்டார்கள், சுண்டைக்காய் வரலாற்றில் முதன்முறையாகச் சொன்ன தேதியில். அந்தோணி பெருமூச்சோடு கத்தியை மடக்கினார். மரகதவல்லி சாயங்காலத்துக்குள் நாற்பதிலும் ஏற்றிவிட்டார்.

மறுநாள் பாராட்டு வாங்கிவரலாமென்று, பூவராகன் மீசையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். கேட் பூட்டியிருந்தது. வீட்டுக்குப் போனார். மரகதவல்லி தம் மாட்டின் கொம்புக்குப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், லீவா?"

"நாப்பது கம்ப்யூட்டரும் இன்னிக்கு மாட்டுப் பொங்கல்னு சொல்லுது சார். நாப்பதுமா தப்பாச் சொல்லும்? மீசையைக் கொஞ்சம் தள்ளிக்குங்க, வர்ணம் பட்டுடும்."